நேதாஜி ஏறிப்போன நீர்மூழ்கியை மதுரையில் பிரிண்ட் போட்டேன்: கடை எப்படி?

ஜெர்மன் நீர்மூழ்கி மாடல் வேண்டுமென்று தேடினால் திரும்பின பக்கமெல்லாம் டைப் 7சி தான். பிளாஸ்டிக் கிட் எடுத்தாலும் அது, 3டி பிரிண்ட் போட இணையத்தில் சும்மா கிடைக்கிற ஃபைலும் அதுதான். இரண்டாம் உலகப் போரில் அந்த ஒரு ரகம் மட்டுமே ஐந்நூறுக்கு மேல் கட்டினார்கள், ஜெர்மனியில் கீல் துறைமுகம் பக்கத்தில் லாபோ கடற்கரையில் யூ-995 என்ற படகு மேடை கட்டி நிறுத்தப்பட்டு உள்ளே போய்ப் பார்க்கிற அளவுக்கு இன்னும் இருக்கிறது, அதனால் மாடல் செய்கிறவர்கள் எல்லாரும் அதையே செய்வதில் ஆச்சரியமில்லை. எனக்கு வேண்டியது அதில்லை. யூ-180. 1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்தில் சுபாஷ் சந்திர போஸையும் அவர் உதவியாளர் ஆபித் ஹசனையும் ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் ஜப்பானியரின் ஐ-29 நீர்மூழ்கியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய படகு. மதுரையோ நேதாஜி ரோடு இருக்கிற ஊர், வீட்டுக்கு ஒரு போஸ் பெயர் வைத்திருக்கிற ஊர், 1939 செப்டம்பரில் அவர் வந்தபோது முத்துராமலிங்கத் தேவர் கூட்டம் கூட்டி வரவேற்ற ஊர். இங்கே ஒரு ஷோகேஸில்கூட அந்தப் படகை நான் பார்த்ததில்லை. பெட்டியில் போட்டு விற்கிற கிட்டாகவும் கண்ணில் படவில்லை.

சரி, பிரிண்ட் போட்டுவிடுவோம் என்று முடிவு. காளவாசலைத் தாண்டி பைபாஸ் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது கடை. பெரிய போர்டு கிடையாது, ஜெராக்ஸ் கடையில் கேட்டால் கையைக் காட்டுவார்கள். இன்ஜினியரிங் மாணவர்களின் புராஜெக்ட் சாமான், பல் டாக்டர்களுக்குத் தாடை மாதிரி, முக்கியமாக தெற்கு ஆவணி மூல வீதி நகைப் பட்டறைகளுக்கு வார்ப்பு மாதிரி, இதுதான் அவர்கள் பிழைப்பு. நகைக்காரர்களுக்கு வேலை செய்து பழகிய கை என்பதால்தான் இங்கே போனேன், அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. ஜிமிக்கியில் முத்து வரிசை தெரிய பிரிண்ட் எடுக்கிறவனுக்கு நீர்மூழ்கியின் தளப்பலகை இடுக்கு ஒரு பொருட்டில்லை.

ஆனால் டிசைன் போடுகிற தம்பியோடு முதலில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "அண்ணே, 7சி ஃபைல் ரெடியா இருக்கு, அதையே இழுத்து நீட்டிருவோம், யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். எனக்குத் தெரியுமே. டைப் 7க்கு ஒற்றை உடம்பு, வண்ணான் கழுதைக்கு இருபக்கமும் பொதி ஏற்றின மாதிரி வெளியே பிதுங்கிய தொட்டிகள். டைப் 9க்கு இரட்டை உடம்பு, மேல்தளம் நன்றாக அகன்று தட்டையாக இருக்கும், அந்தப் பிதுக்கமே கிடையாது. யூ-180 டைப் 9டி1, அதாவது 9லேயே நீளமான ரகம், 87.6 மீட்டர். 7சியோ 67 மீட்டர். இழுத்து நீட்டினால் நீளம் வரும், உருவம் வராது. அருங்காட்சியகத்தில் இருக்கிற டைப் 9 படகுகளின் படங்களைத்தான் காட்டினேன்: சிகாகோவில் முழுசாக நிற்கிற யூ-505, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்கன்ஹெட்டில் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும் யூ-534. இரண்டும் 9டி இல்லை, நீளம் குறைந்த 9சி வகைதான், ஆனால் உடம்பு எப்படி வளைகிறது என்று புரிய அது போதும். அதிலும் யூ-534 1993இல் கடலுக்கடியிலிருந்து தூக்கப்பட்ட படகு, வெட்டிய முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பதால் உள் உடம்பு எங்கே முடிகிறது, வெளி உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தம்பியே கண்டுபிடித்துவிட்டான். அதற்கப்புறம் அவன் காட்டிய அக்கறைக்கு நான் முழு மார்க் போடுவேன். வரைபடத்தை வைத்து முதலிலிருந்து வரைந்தான், ஒவ்வொரு கட்டத்திலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டான்.

இன்னொரு இடத்திலும் நிறுத்த வேண்டியிருந்தது. படம் அழகாக இருக்கட்டும் என்று ஸ்நார்க்கல் குழாயைச் சேர்த்திருந்தான். தண்ணீருக்குள் இருந்தபடியே டீசல் எஞ்சினுக்குக் காற்று இழுக்கிற அந்தக் குழாய் ஜெர்மன் படகுகளில் பரவலாக வந்தது 1944இல் தான். போஸ் போனது 1943. எடுத்துவிடு என்றேன், மறு பேச்சில்லாமல் எடுத்துவிட்டான். டார்பிடோ குழாய்களின் மூடிகளும் இருக்கவேண்டும் என்று சொல்லி வைத்தேன், முன்னால் நான்கு, பின்னால் இரண்டு. 9டி1 சரக்குப் படகு என்று படித்துவிட்டு குழாயே இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் பின்னால் மாற்றிக் கட்டியபோது கழற்றியது. போஸ் உள்ளே இருக்கும்போதே ஏப்ரல் 18 அன்று கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை இதே படகு மூழ்கடித்திருக்கிறது.

இப்போது பிரிண்ட். 1/200 அளவு, கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர். ரெசின் பிரிண்டர், அதாவது திரவப் பிசினை ஒளியால் இறுக வைத்து உருவாக்குகிற மெஷின், அவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் எடுக்காது, இரண்டு துண்டாகப் போட்டு நடுவில் முளை வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். சேர்ப்பு கோபுரத்துக்குப் பின்னால் விழுகிற மாதிரி வெட்டியது புத்திசாலித்தனம், பட்டி போட்டுத் தேய்த்தபின் தேடினாலும் தெரியவில்லை. உடம்பின் பக்கவாட்டில் தண்ணீர் வடிகிற துளைகள் வரிசையாக இருக்கின்றனவே, அவை வெறும் பள்ளமாக இல்லாமல் நிஜமாகவே துளையாக வந்திருக்கின்றன. விளக்கின்முன் பிடித்தால் வெளிச்சம் ஒழுகுகிறது. விலை கூடின கிட்களிலேயே பலவற்றில் இதை நாமே துளை போட்டுக்கொள்ள வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. முதலில் கொடுத்த முன்பாதி அடிப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் வளைந்திருந்தது, தரையில் வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சூடு தண்ணீரில் முக்கி நிமிர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். நிமிர்த்தலாம்தான், சின்னத் துண்டுக்கு அது சரி, இத்தனை நீளத்துக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. முனகாமல் மறுபடி பிரிண்ட் போட்டுத் தந்தார்கள், காசு வாங்கவில்லை. பிரிண்ட் ஓடும்போது தாங்கிப் பிடிக்கிற சப்போர்ட் குச்சிகளை ஒடித்த தழும்பு அடிவயிறு முழுக்க புள்ளி புள்ளியாக இருந்தது, அதை 400, 800 வாட்டர் பேப்பரில் நாம்தான் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். இதைக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

கைப்பிடிக் கம்பிகள் மட்டும் சுத்தமாகத் தேறவில்லை. நிஜத்தில் நாலு சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால்கூட, 1/200இல் 0.2 மில்லிமீட்டர் வரவேண்டும். ரெசினில் அவ்வளவு மெல்லிசாகப் போட்டால் நிற்காது என்று இரண்டு மடங்குக்கு மேல் தடிமனாகப் போட்டிருந்தார்கள், அப்படியும் கழுவும்போதே ஒடிந்துவிட்டது. இதற்காக அவர்களோடு சண்டை போடாதீர்கள். மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய் 36 கேஜ் காப்பர் கம்பி கொஞ்சம் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள், அளவு அப்படியே பொருந்துகிறது. கோபுரத்திலிருந்து மூக்கு வரை போகிற நீளக் கம்பிக்கு நான் போட்டது தூண்டில் நரம்பு.

பெயிண்டிங்கும் சேர்த்துச் செய்து தருகிறோம், 800 ரூபாய் என்பார்கள். எடுக்காதீர்கள். கடை ஷெல்ஃபில் யாருக்கோ செய்த 7சி ஒன்று நிற்கிறது, அடிப்பாகம் பளபளவென்று சிவப்பு, தளம் தேக்குப் பலகை பழுப்பு. பார்க்க ஜோராக இருக்கிறது, ஜெர்மன் நீர்மூழ்கி மாதிரி இல்லை. சரக்குக் கப்பலுக்குத்தான் அந்தச் சிவப்பு. இந்தப் படகுகளில் பெரும்பாலும் மேலே வெளிர் சாம்பல், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கறுப்பை ஒட்டிய அடர் சாம்பல், தளப்பலகையும் கிட்டத்தட்டக் கறுப்புதான். ஆட்டோமொபைல் பெயிண்ட் கடையில் சாம்பல் பிரைமர் ஸ்ப்ரே ஒன்று வாங்கினாலே பாதி வேலை முடிந்தது. இந்தப் படகுக்கு மட்டும் புகைபோக்கித் துளைகளைச் சுற்றி தாராளமாகக் கரி பூசிக்கொள்ளுங்கள், அதற்கு நியாயம் இருக்கிறது. வேகத்துக்காக டார்பிடோ விரைவுப் படகுகளில் போடுகிற மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் எஞ்சின்கள் ஆறை இதற்குள் அடைத்திருந்தார்கள், அவை புகையாகக் கக்கும், அடிக்கடி மக்கரும் பண்ணும், பிற்பாடு தூக்கி எறிந்துவிட்டு வேறு எஞ்சின் போட்டார்கள். உள்ளே எதைத் தொட்டாலும் டீசல் வாடை என்று ஆபித் ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் போஸ் பேச்சுகளைச் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டு வந்தது.

ஸ்டாண்டும் அவர்களே அக்ரிலிக்கில் வெட்டித் தருகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. பெயர்ப் பலகையை மட்டும் கையில் வாங்கும்முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு யூ-180க்குப் பதில் யூ-108 என்று வெட்டியிருந்தார்கள். ஆம்புலன்ஸா என்று கேட்டேன், தம்பி சிரித்துக்கொண்டே வேறு வெட்டித் தந்தான். இதில் வேடிக்கை என்னவென்றால் யூ-108 என்றும் ஒரு படகு நிஜமாகவே இருந்தது, அதுவும் டைப் 9தான்.

மொத்தச் செலவு: டிசைனுக்கு 1,500, பிரிண்டுக்கு 3,200, ஸ்டாண்டுக்கு 350. விலை அதிகமா என்றால், ஃபைல் கையில் இருந்தால் இல்லை, வரையவும் சொன்னால் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அந்த வரைகிற வேலைக்கு அவன் கேட்டதைக் கொடுக்க எனக்கு மனசு கோணவில்லை. தேதி சொன்னால் நம்பாதீர்கள், கல்யாண சீசனில் நகைப் பட்டறை வேலை வந்துவிட்டால் நம்முடையது பின்னால் தள்ளப்படும். மாடி ஏறியதும் ரெசின் நெடி மூக்கைத் துளைக்கும், ஜன்னல் சாத்தி ஏசி ஓடுகிறது, கழுவுகிற பையன் பல நேரம் கையுறையே போடுவதில்லை. காயாத ரெசின் தோலில் பட்டால் அலர்ஜி பிடித்துக்கொள்ளும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், நீங்கள் போனாலும் சொல்லுங்கள். முடிந்த மாடலை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள், சித்திரை வெயிலுக்கு மெல்லிசான பாகங்கள் வளைந்துபோகும்.

யார் போகலாம்? என்ன வேண்டுமென்று தெளிவாகத் தெரிந்து, படமும் அளவும் கையில் வைத்திருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஏதோ ஒரு நீர்மூழ்கி வேண்டும் என்று போனால் அந்தச் சிவப்பு அடி 7சிதான் கிடைக்கும். வரலாறு நம் பொறுப்பு, வேலை அவர்கள் பொறுப்பு, அப்படி வைத்துக்கொண்டால் மதுரையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

யூ-180 1944 ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் ஐம்பத்தாறு பேரோடு காணாமல் போனது, கண்ணிவெடியா ஸ்நார்க்கல் கோளாறா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன்னால் ஐ-29ஐ அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்துவிட்டது. ரப்பர் படகில் போஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய காட்சியைச் செய்யவேண்டுமானால் அதுவும் வேண்டுமே, விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். ஐ-29 இன்னும் பெரிசு, 1/200இல் 54 சென்டிமீட்டர் வரும், மூன்று துண்டாகப் போடவேண்டும், டிசைனோடு சேர்த்து 6,000 ஆகும் என்கிறான் தம்பி. 5,000க்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.