இல்லினாயில் கன்சீல்டு கேரி உரிமத்துக்கான 16 மணி நேர வகுப்பு: போய்வந்தபின் எழுதுவது

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில், துப்பாக்கி சுடும் ரேஞ்சோடு சேர்ந்த பயிற்சி நிலையம் ஒன்றில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்துக்கான இந்த வகுப்பை முடித்தேன். முதல் நாளுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இரண்டாம் நாள் காலைக்கு ஒன்று, அதுவே அதிகம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் நம் ஆட்களின் வாட்ஸாப் குழுக்களில் இதைப் பற்றிச் சுற்றுவதில் பாதி டெக்ஸாஸ் சட்டம், மீதி ஃப்ளோரிடா சட்டம், அதை நம்பி இல்லினாயில் துப்பாக்கியோடு நடந்தால் நேராகக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

நான் நர்ஸ். இரவு 11 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் ஊழியர்கள் கார் நிறுத்தும் இடம் வரை ஏழெட்டு நிமிடம் நடக்க வேண்டும். போன குளிர்காலத்தில் ஒருவன் கார் வரை பின்னாலேயே வந்து, நான் உள்ளே ஏறிப் பூட்டிய பிறகும் கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இந்த உரிமத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஃபாய்ட் கார்டு. இந்த மாநிலத்தில் துப்பாக்கியோ தோட்டாவோ சொந்தமாக வைத்திருக்கவே அது வேண்டும், 1968-லிருந்து இருக்கிற சட்டம், கட்டணம் 10 டாலர். அது வந்த பிறகுதான் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம், இங்கே எல்லோரும் சி.சி.எல். என்பார்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், கடந்த 10 வருடம் எங்கெங்கே குடியிருந்தோம் என்று முகவரி எல்லாம் கொடுக்க வேண்டும், 16 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு 150 டாலர், ஐந்து வருடத்துக்குச் செல்லும். கடந்த ஐந்து வருடத்துக்குள் அடிதடி, மிரட்டல் வழக்கில் தண்டனை பெற்றிருந்தாலோ, குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டு முறை மாட்டியிருந்தாலோ, போதை மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை எடுத்திருந்தாலோ கிடைக்காது. கைரேகை கட்டாயமில்லை, ஆனால் கொடுத்தால் மாநிலப் போலீஸ் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், கொடுக்காவிட்டால் இன்னும் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் போலீஸ் நம் பெயரில் ஆட்சேபம் எழுப்பினால் அது தனியாக ஒரு மறுஆய்வுக் குழுவுக்குப் போகும், அப்போது இந்த நாள் கணக்கெல்லாம் இழுத்துக்கொண்டே போகும்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சத்தம் போடாமல் பேசுகிறவர். மேஜை மேல் நீல நிற பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றை வைத்தார், சுடவே முடியாத பயிற்சிப் பொம்மை அது. எடுத்துப் பாருங்கள் என்றார். பதினான்கு பேரில் பதினோரு பேர் எடுத்தவுடனே ஆள்காட்டி விரலை நேராக விசை மேல் வைத்தோம், நானும்தான். யாரையும் திட்டவில்லை. "விரல் எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் அன்று முழுக்க, சட்டம் பேசும்போதும், காபி குடிக்கும்போதும், திடீரென்று அந்தப் பொம்மையை யார் கையிலாவது கொடுப்பார். மாலைக்குள் எல்லோருடைய விரலும் தானாக விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டோடு ஒட்டி நீண்டு நின்றது. இப்படிச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

அவர் அதிக நேரம் செலவு செய்தது எங்கே கொண்டு போகக் கூடாது என்ற பட்டியலில். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை எங்கெல்லாம் போவீர்கள் என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: மகள் பள்ளி, நூலகம், வீட்டுப் பக்கத்துப் பூங்கா, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், மருத்துவமனை. பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே வந்தேன். பள்ளி, கூடாது. பொது நூலகம், கூடாது. பூங்கா, கூடாது, அதன் வழியாகப் போகும் சைக்கிள் பாதைக்கு மட்டும் விலக்கு உண்டு. பஸ், ரயில் எதிலும் கூடாது. பாதிக்கு மேல் வருமானம் மதுவிலிருந்து வரும் ஓட்டலும் கூடாது. மருத்துவமனை என்றால் கட்டடம் மட்டுமில்லை, அதன் வளாகமும் கார் நிறுத்தும் இடமும் சேர்த்து. என் தாளில் மிஞ்சியது மளிகைக் கடையும் பெட்ரோல் பங்கும், அதுவும் வாசலில் தடைப் பலகை இல்லாமலிருந்தால். நாலுக்கு ஆறு அங்குலத்தில், வட்டத்துக்குள் துப்பாக்கியும் குறுக்கே சிவப்புக் கோடுமாக ஒரு சின்ன ஸ்டிக்கர், அது ஒட்டியிருந்தால் அந்தக் கடைக்குள்ளும் கிடையாது.

எந்த ஏழெட்டு நிமிட நடைக்காக நான் இந்த வகுப்புக்குப் பணம் கட்டினேனோ அந்த நடைக்கு இந்த உரிமம் உதவாது. கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது, வண்டிக்குள் வைத்தபடி வரலாம், வெளியே தெரியாமல் பூட்டி வைத்துவிட்டு இறங்கலாம், டிக்கியில் வைக்கவோ எடுக்கவோ வண்டியைச் சுற்றி இரண்டடி நடக்கலாம், அவ்வளவுதான். இடுப்பில் மாட்டிக்கொண்டு வார்டு வாசலிலிருந்து கார் வரை வர முடியாது. மனசு கொஞ்சம் விழுந்துதான் போனது, ஆனால் இதைத் தெரியாமல் மூன்று மாதம் காத்திருந்து உரிமம் வாங்கி, பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தால் என் நர்ஸிங் லைசென்ஸ் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் கட்டிய பணம் முழுக்க அந்த வெள்ளைத் தாளுக்கே சரியாகப் போயிற்று என்பேன். (மருத்துவமனைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தால் கார் வரை துணைக்கு ஆள் அனுப்புவார்கள் என்பதையும் அவர்தான் கேட்டுப் பார்க்கச் சொன்னார். இப்போது தினமும் கூப்பிடுகிறேன்.)

போலீஸ் வண்டியை நிறுத்தினால் என்ன செய்வது என்பதையும் இரண்டு நாற்காலியைப் போட்டு நடித்தே காட்டினார். உள்விளக்கைப் போடு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், அவர் சொல்லும்வரை எதையும் எடுக்கக் குனியாதே. இல்லினாயில் போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டும், பக்கத்து மிச்சிகனில் அவர் கேட்கும் முன்பே நாமாகச் சொல்ல வேண்டும். எல்லை தாண்டினால் சட்டம் மாறுகிறது.

இப்போது இரண்டாம் நாள் காலை. வேறொரு இன்ஸ்ட்ரக்டர். யாருக்குத் தகுதி, மத்தியச் சட்டம் என்ன என்ற முக்கியமான பகுதி இவர் கையில் இருந்தது. ஸ்லைடுகளை அப்படியே வாசித்துக்கொண்டு ஓடினார். 50 மாநிலங்களில் கடைசியாக 2013-ல்தான் இல்லினாய் இதை அனுமதித்தது, அதுவும் 2012 டிசம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தடையை அடித்துப் போட்டதால், என்ற வரலாற்றுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர், விசாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி, மதுரைப் பக்கம், எச்1பி விசா. ஃபாய்ட் இன்னும் வாங்கவில்லை, வகுப்பை முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பதிவு செய்யும்போது சொன்னார்களாம். கையைத் தூக்கி, நான் வேலை விசாவில் இருக்கிறேன், பிரச்சினை உண்டா என்று கேட்டார். "கார்டு வந்தால் போதும், கவலைப்படாதீர்கள்" என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியச் சட்டப்படி எச்1பி, எஃப்1, எல்1 மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அதை நம்பி இறங்குமுன் வக்கீலிடம் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் வேறு கதை, வாங்கலாம். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை, ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் அதில் சேரும். மாட்டினால் 15 வருடம் வரை சிறை, அதோடு நாடு கடத்தும் வழக்கும் வரும்.

இடைவேளையில் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அக்கா, மதியம் ரேஞ்சுக்கு 50 தோட்டா வாங்கி வரச் சொல்லியிருக்காங்க" என்றார், முகம் வெளிறிவிட்டது. நல்லவேளை, இன்னும் வாங்கியிருக்கவில்லை. அப்படியே கிளம்பிப் போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பாதிதான் கொடுத்தார்களாம். அரசு அங்கீகாரம் பெற்ற இன்ஸ்ட்ரக்டர் வாயிலிருந்து இப்படி ஒரு பதில் வந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு பேர் விசாவில் இருக்கிற இந்த வட்டாரத்தில் பதிவுப் படிவத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன், இந்த வரி எழுதும்வரை பதில் இல்லை.

கஞ்சா விஷயத்தையும் அந்த இரண்டாவது இன்ஸ்ட்ரக்டர் தாண்டிப் போனார். இந்த மாநிலத்தில் 2020 ஜனவரியிலிருந்து கடையிலேயே வாங்கலாம், ஆனால் துப்பாக்கி வாங்கும்போது நிரப்புகிற மத்திய அரசின் 4473 படிவம், கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்று நேரடியாகக் கேட்கிறது, மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் குற்றம்தான் என்ற எச்சரிக்கையும் அங்கேயே அச்சாகியிருக்கிறது. அதில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

மதியம் ரேஞ்ச், மறுபடி முதல் நாள் மனிதர். தேர்வு இதுதான்: பி-27 என்ற மனித உருவத் தாள், 5 கஜத்தில் 10, 7 கஜத்தில் 10, 10 கஜத்தில் 10, மொத்தம் 30 தோட்டாவில் 21 பட வேண்டும். முதல் இரண்டு குண்டுக்கு உள்ளங்கை வியர்த்து, பிடியே வழுக்கியது. மூன்றாவதில் வெளியே தெறித்த சூடான பித்தளைக் கூடு ஒன்று சட்டைக் கழுத்துக்குள் விழுந்து தோள்பட்டையைச் சுட்டது. துள்ளாமல், துப்பாக்கி முனையை இலக்கு பக்கமே வைத்து, மேஜையில் வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். பின்னாலிருந்து "நல்லது" என்று ஒரு குரல், அவ்வளவுதான். கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். எனக்கு 27 பட்டது.

இரண்டு லேன் தள்ளி நின்றவர் 30-க்கு 30. கடைசிக் குண்டு முடிந்த சந்தோஷத்தில் துப்பாக்கி கையில் இருக்க அப்படியே திரும்பிவிட்டார், முனை எங்கள் வரிசையைத் தடவிக்கொண்டு போனது. இன்ஸ்ட்ரக்டர் அடுத்த நொடி அவர் மணிக்கட்டைப் பிடித்து இலக்கு பக்கம் திருப்பினார். அவருக்குச் சான்றிதழ் இல்லை. குறி தப்பினால் மட்டுமில்லை, ஆபத்தாகக் கையாண்டாலும் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த ஆள் எவ்வளவோ வாதாடியும் இவர் அசையவில்லை.

பண விஷயம்: தோட்டா, லேன் வாடகை, காது மூடி எதுவும் வகுப்புக் கட்டணத்தில் சேர்த்தி இல்லை, இதை முதல் நாள் மாலைதான் சொன்னார்கள். கைரேகைக்கும் தனியாக. பதிவு செய்யுமுன் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே மத்தியச் சட்டப் பகுதியை யார் எடுக்கிறார் என்றும் கேளுங்கள்.

ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்க 3 மணி நேர வகுப்பு ஒன்று இருக்கிறது. அந்த முதல் நாள் மனிதர் அப்போதும் அங்கே இருந்தால் அவரிடமே போவேன், இல்லையென்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் போவேன்.