எல்.வி.என். படிப்பு: 9,000 டாலரா, 30,000 டாலரா?

டல்லஸ் பக்கம் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் சமையலறை மேஜையில் இரண்டு காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு வீடியோ காலில் கூப்பிட்டாள். இரண்டும் எல்.வி.என். என்கிற ஆரம்பநிலை நர்சிங் படிப்புக்கானவை. ஒன்று, அவள் ஊர் கம்யூனிட்டி காலேஜின், அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரியின் கட்டண விவரம். புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து 9,000 டாலர் சொச்சம். இன்னொன்று, ஒரு தனியார் தொழிற்பள்ளியின் பளபளப்பான மடிப்புத்தாள். அங்கே 30,000 டாலர்.

இரண்டிலும் ஒரு வருஷப் படிப்புதான். முடித்ததும் எழுதுவது ஒரே லைசென்ஸ் தேர்வு, என்கிளெக்ஸ்-பி.என். கையில் வருவதும் ஒரே லைசென்ஸ். டெக்ஸாஸிலும் கலிஃபோர்னியாவிலும் அதை எல்.வி.என். என்பார்கள், மற்ற மாநிலங்களில் எல்.பி.என். பிறகு எதற்கு யோசனை?

யோசனை தேதியில் இருந்தது. கம்யூனிட்டி காலேஜில் வருஷத்துக்கு ஒரே சேர்க்கை, அடுத்தது பத்து மாதம் கழித்து. தனியாரில் மூன்றே வாரத்தில் வகுப்பு. இவள் இப்போது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சி.என்.ஏ., அதாவது உதவியாளர். "அக்கா, பத்து மாசம் இந்தச் சம்பளத்திலேயே ஓட்டினா அதுவும் நஷ்டம்தானே?" என்றாள்.

நியாயமான கேள்வி. காத்திருப்பதற்கு விலை கிடையாது என்று நினைத்துக்கொண்டு மலிவான காலேஜைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கணக்குப் போட்டுவிடலாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே கணக்குப்படி சி.என்.ஏ.க்களின் இடைநிலை வருடச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 39,530 டாலர், எல்.வி.என்.களுக்கு 62,340. வித்தியாசம் 22,810. பத்து மாதத்துக்கு ஏறத்தாழ 19,000. கட்டண வித்தியாசமோ 21,000. அடடா, கிட்டத்தட்ட சமம்! தனியார் பள்ளிக்காரர் போனில் சொன்னதும் இதையேதான்.

ஆனால் 30,000 டாலரை யாரும் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. திருமணமானவள் என்பதால் இவள் பெற்றோரைச் சாராத மாணவி. முதல் கல்வியாண்டுக்கு அரசுக் கடன் 9,500 டாலர் வரை கிடைக்கும், 2025-26 வட்டி 6.39 சதவீதம். 9,000 டாலர் படிப்பு அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பத்து வருஷத் தவணை மாதம் 102 டாலர். தனியார் பள்ளிக்கு மீதி 20,500ஐ வெளியே வாங்க வேண்டும். இவளுக்குச் சொல்லப்பட்ட வட்டி 12 சதவீதம். இரண்டு கடனும் சேர்ந்து மாதம் 401 டாலர். பத்து வருஷத்தில் கம்யூனிட்டி காலேஜுக்காகக் கட்டி முடிப்பது 12,200 டாலர், தனியார் பள்ளிக்காக 48,000க்கு மேல். ஆக வித்தியாசம் 21,000 இல்லை, 36,000. காத்திருப்பு ஒன்றரை வருஷத்தைத் தாண்டினால்தான் தனியார் பள்ளி கட்டுப்படியாகும். அதுவும் வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தை வைத்து. பிடித்தம் போனால் இன்னும் தள்ளிப்போகும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. மத்தியக் கல்வித்துறை 2023இல் வெளியிட்ட விதியில், வருடாந்தரத் தவணை சம்பாத்தியத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். விதிகள் மாறினாலும் வீட்டுக் கணக்குக்கு அது நல்ல அளவு. 62,340இல் 8 சதவீதம் 4,987. தனியார் பள்ளித் தவணை வருஷத்துக்கு 4,817. மயிரிழையில் தப்பிக்கிறது. ஆனால் இடைநிலைச் சம்பளம் என்பது பத்து வருஷம் வேலை பார்த்தவர்களையும் சேர்த்தது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு 55,000 என்று வைத்தால் வரம்பு 4,400. அங்கேயே இடிக்கும்.

அப்புறம் அந்த மடிப்புத்தாள். பெரிய எழுத்தில் ஒரு சம்பளம் போட்டிருந்தது, 90,000க்கு மேல். எனக்குச் சந்தேகம். காகிதத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி: 'பதிவுபெற்ற செவிலியர்'. எல்.வி.என்.னுக்கு மேல்படியான ஆர்.என். சம்பளத்தை எல்.வி.என். படிப்புக்கான தாளில் போட்டிருக்கிறார்கள்! பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் சாமர்த்தியம். இப்படிப்பட்ட தாளை மடித்து வைத்துவிட்டு, அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அந்தப் பள்ளியின் பெயரைத் தட்டுங்கள். படிப்புவாரியாக, முடித்தவர்களின் கடனும் சம்பாத்தியமும் பல பள்ளிகளுக்கு அங்கே கிடைக்கும்.

தேர்ச்சி விகிதத்தையும் பார்க்க வேண்டும். டெக்ஸாஸ் நர்சிங் போர்டு ஒவ்வொரு பள்ளிக்கும் 80 சதவீதத்தை எல்லைக்கோடாக வைத்திருக்கிறது, விவரத்தை வெளியிடவும் செய்கிறது. தேர்வில் தேறாவிட்டால் லைசென்ஸ் வராது, கடன் தவணை மட்டும் தவறாமல் வரும். சீக்கிரம் முடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் கூடுதல் ஜாக்கிரதை தேவை. ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளிலிருந்து 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அறிவித்தது நினைவிருக்கலாம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு. இவளுக்கு எல்.வி.என்.னோடு நிற்கிற எண்ணம் இல்லை, பிறகு ஆர்.என். ஆக வேண்டும். பல தனியார் தொழிற்பள்ளிகளின் கிரெடிட்டை மற்ற காலேஜ்கள் ஏற்பதில்லை. அப்படியானால் உடற்கூறியலை மறுபடி காசு கட்டிப் படிக்க வேண்டியதுதான். கம்யூனிட்டி காலேஜில் அந்தப் பாடத்தைக் காத்திருக்கும் பத்து மாதத்திலேயே, மாலை வகுப்பில் முடித்துவிடலாம். ஆர்.என். படிப்புக்கும் அதுவே செல்லும். ஆகவே அந்தப் பத்து மாதம் சும்மா கிடப்பது இல்லை.

சரி, எல்.வி.என்.னே எதற்கு, நேராக ஆர்.என். போனால் என்ன? 2024இல் ஆர்.என். இடைநிலைச் சம்பளம் 93,600. எல்.வி.என்.னைவிட 31,000 அதிகம். அதே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷ அசோசியேட் பட்டம் போதும். வீட்டில் இன்னொருவர் சம்பளத்தில் இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்க முடியுமென்றால் எல்.வி.என்.னைத் தாண்டிப் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. முடியாதவர்களுக்குத்தான் எல்.வி.என். நல்ல படிக்கட்டு.

நம்மவர்களுக்காக இரண்டு விஷயம். ஹெச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் துணைக்குத் தரப்படுவது) இருப்பவர்களுக்கு மேலே சொன்ன அரசுக் கடன் கிடையாது. இவளுக்கு கிரீன் கார்டு இருப்பதால்தான் அந்தக் கணக்கே. ஊரில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோவோ பி.எஸ்ஸி நர்சிங்கோ முடித்து வந்தவர்கள் எல்.வி.என்.னில் சேருமுன், தங்கள் சான்றிதழை மதிப்பீடு செய்து ஆர்.என். தேர்வை நேரடியாக எழுத முடியுமா என்று மாநில போர்டில் முதலில் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பள்ளிக்காரர் "இந்த வாரத்தோடு சீட் முடியுது" என்று மறுபடி கூப்பிட்டபோது, தேர்ச்சி விகிதம் எவ்வளவு, உங்கள் கிரெடிட்டை எந்தக் காலேஜ் ஏற்கும், இரண்டையும் இமெயிலில் எழுதி அனுப்புங்கள் என்றாளாம். இமெயில் இன்னும் வரவில்லை. உடற்கூறியல் வகுப்புக்கு இவள் பணம் கட்டிவிட்டாள், செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு. ஆர்.என்.னா எல்.வி.என்.னா என்பதை அவள் கணவரின் வேலை நிரந்தரமானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.