பவளத் தொட்டிக்குக் குறைந்த செலவில் நீரோட்டம்: பிவிசி குழாயோடு சில ஆண்டுகள்

காரைக்குடியில் என் வீட்டிலுள்ள 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் விலை உயர்ந்த அலை உருவாக்கிக் கருவி எதுவும் இல்லை. கற்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பதால், தோல் பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்களை மட்டுமே வளர்க்கிறேன். இவற்றுக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 10 முதல் 20 மடங்கு நீர் சுழன்றால் போதும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் மோட்டார்ப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு நீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைப்பது. குழாயின் உயரமும் ஒவ்வொரு எல்போவும் (வளைவு இணைப்பும்) அதைக் குறைத்துவிடும்.

அதிகப் பலன் தந்தது, பாறைகளுக்குப் பின்னால் படுக்கவைத்த துளையிட்ட அரை இஞ்ச் பிவிசி குழாய்தான். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்புக்கு ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். உள்விட்டம் 15 மி.மீ. என்றால் 4 மி.மீ. துளைகள் 14 வரும். துளை குறைந்தால் மோட்டார் திணறும், கூடினால் கடைசித் துளைகளில் வேகம் இருக்காது. இதைப் பொருத்திய பிறகு பாறைக்குப் பின்னால் கழிவு தேங்குவது பெரிதும் குறைந்தது. மூட்டுகளைப் பசை போட்டு ஒட்டாமல் இறுக்கிச் செருகியிருப்பதால், சுண்ணாம்பு படியும்போது கழற்றி வினிகரில் ஊறவைக்க முடிகிறது.

பவளத் தொட்டிக்கு அடியில் வைக்கும் கீழ்த்தொட்டியிலிருந்து நீர் ஏற்றுபவர்கள், அந்தக் குழாயில் மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் நீர் பின்னோக்கி வழிந்து கீழ்த்தொட்டியை நிரப்பிவிடும். துளை இருந்தால், மட்டம் அதற்கு இறங்கியதும் காற்று புகுந்து அந்த ஓட்டத்தை அறுத்துவிடும். பாசி அடைத்தால் துளை இருந்தும் பயனில்லை. ஆத்தங்குடித் தரையில் கடல்நீர் வழிந்தால் உப்புப் பூத்து, துடைப்பது பெரும்பாடு என்பதால் இதைச் சொல்கிறேன்.

எதிரெதிர்ச் சுவர்களில் வைத்த இரு மோட்டார்களைச் சாதாரண டைமரில் ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக, கடல் ஓதத்தைப் போல, மாற்றி ஓட்டுகிறேன். டைமரில் 15 நிமிட இடைவெளிக்கும் வழியுண்டு என்றாலும், மலிவு மோட்டார்கள் அடிக்கடி நின்று கிளம்பினால் சுழலி தேய்ந்து கடகடக்கத் தொடங்கும். நீருக்குள் ஓடும் மோட்டாரின் வெப்பம் நீரிலேயே இறங்குவதால், நம் ஊர்க் கோடையில் வாட் குறைந்ததாகப் பார்த்து வாங்குவதே நல்லது. ஓட்டத்தின் ஒரு பகுதியை மேல்மட்டம் நோக்கித் திருப்பி, மேலே சிறு விசிறி வைத்தால் சூடு தணியும், ஆக்சிஜனும் கரையும். ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ நன்னீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

வாளி நீரை ஒரே வீச்சில் கொட்டும் அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டம் அருமையாக இருந்தாலும், சத்தமும் நீர்க்குமிழிகளும் உப்புத் தெறிப்பும் வீட்டுக்குள் தாங்காது. எந்த முறையானாலும் பித்தளை இணைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றிலிருந்து கரையும் செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு.