‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ எச்.எம்.டி பைலட்: மெஷின் நல்லது, விளம்பரம் பொய்

இணையத்தில் வாங்கிய பழைய எச்.எம்.டி பைலட் வாட்ச் ஓடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. முழுசாகச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் நிற்காமல் ஓடுகிறது, நேரமும் பெரிதாகத் தப்பவில்லை. ஆனால் எந்தெந்த வார்த்தைகளைப் போட்டு விலையை ஏற்றினார்களோ அதில் ஒன்றுகூட உண்மை இல்லை, அதனால் என் மதிப்பீடு 5-க்கு 2. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் இதே வரிகளை எழுத்து மாறாமல் இன்னும் பல விற்பனையாளர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் சித்தப்பாவுக்காக வாங்கியது. கறுப்பு டயல், சாவி கொடுக்கிற 17 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கிற கற்கள்) மெஷின், இளவயதில் அவர் கட்டியிருந்த அதே மாடல் வேண்டும் என்றார். விளம்பரத்தில் ‘நியூ ஓல்ட் ஸ்டாக், 100% ஒரிஜினல், ஃபுல்லி சர்வீஸ்டு, மிலிட்டரி, வெரி ரேர்’ என்று வரிசையாக இருந்தது. நியூ ஓல்ட் ஸ்டாக் என்றால் அந்தக் காலத்தில் தயாராகி, விற்காமல், யாரும் கட்டாமல் அப்படியே கிடந்த சரக்கு என்று அர்த்தம். அப்படிப்பட்ட வாட்சை எதற்கு ஃபுல் சர்வீஸ் செய்தார்கள் என்று கேட்டேன், ஆயில் காய்ந்திருக்கும் சார் என்றார்கள், அதுவும் நியாயமான பதில்தான். டயல் திரும்பப் பெயிண்ட் அடித்ததா என்று தனியாகக் கேட்டு, “இல்லை சார், கம்பெனி டயல்” என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் 3,800 ரூபாய் கட்டினேன்.

எச்.எம்.டி பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் செய்ய ஆரம்பித்த அரசு நிறுவனம். ஜனதா, பைலட், ஜவான், காஞ்சன் என்று வீட்டுக்கு ஒன்றாவது இருந்த காலம் உண்டு. 2016-இல் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை முடிவு எடுத்தது, அதற்கு முன்னால் மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்தே பழைய வாட்சுகளுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. அந்தக் காலத்துப் பைலட் இனிமேல் புதிதாக வரப்போவதில்லை, ஆனால் இணையத்தில் மட்டும் ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ தீர்வதே இல்லை, அதுவும் பச்சை, ஆரஞ்சு, ஊதா டயல்களில் எல்லாம் வந்துகொண்டிருக்கிறது.

சரி, பார்சலைப் பிரித்து வாட்சை லென்ஸில் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று அழகாகத்தான் இருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் ‘பைலட்’ என்ற எழுத்தின் ஓரங்கள் மை ஊறிய மாதிரி தடித்திருக்கின்றன, ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. வெளிவட்டத்து நிமிடக் கோடுகள் 12-இல் எண்ணுக்கு நேராகத் தொடங்கி 4, 5 வரும்போது கொஞ்சம் விலகிப்போய்விடுகின்றன. முள் மாட்டும் நடு ஓட்டையின் விளிம்பில் பெயிண்ட் திரண்டு நிற்கிறது. தொழிற்சாலையில் அச்சடித்த டயலில் இந்த மூன்றும் சேர்ந்து வர வாய்ப்பே இல்லை, இது பழைய டயலைச் சுரண்டி மேலே பெயிண்ட் அடித்து மறுபடி அச்சிட்ட ரீடயல்.

இருட்டில் வைத்தால் இன்னொன்று தெரிந்தது. முள்ளில் இருக்கிற ‘ரேடியம்’, அதாவது இருட்டில் ஒளிர்கிற பூச்சு, பச்சைப்பசேல் என்று எரிகிறது, டார்ச் காட்டிவிட்டுப் படுத்தால் நடுராத்திரியிலும் தெரிகிறது. அந்தக் காலத்துப் பூச்சு இத்தனை வருடம் கழித்து இப்படி எரியாது. ஸ்விஸ் வாட்சுகளில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்று இருந்தால் அது டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு போட்டது. டிரிடியத்தின் வீரியம் பன்னிரண்டு வருடம் சொச்சத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், ஆகவே 1970-களின் டிரிடியம் டயல் இன்று ஜெகஜ்ஜோதியாக எரிந்தால் யாரோ புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள். போடுவதில் தப்பில்லை, போட்டுவிட்டு ‘கை படாதது’ என்று எழுதுவதுதான் தப்பு.

ஃபுல்லி சர்வீஸ்டு கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர் கடை அண்ணனிடம் பின்மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருப்பது 0231 என்ற எண் கொண்ட எச்.எம்.டி மெஷின்தான், நல்ல உழைப்பாளி மெஷின், சரியாகச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் இரண்டு திருகுகள் தலை சிதைந்து கிடந்தன, வீல் பற்களுக்கு நடுவே பழைய எண்ணெய் பிசின் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. “இத யாரும் பிரிக்கவே இல்ல தம்பி, மேலாப்புல பெட்ரோல் விட்டு அலசிட்டு மூடியிருக்காங்க” என்றார். கேஸையும் (வாட்சின் வெளிக்கூடு) பாலிஷ் வீலில் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் விளிம்பெல்லாம் மழுங்கிவிட்டது, பின்மூடியில் எழுத்து பாதி அழிந்திருக்கிறது. கட்டாமலே கிடந்த வாட்சில் எழுத்து எப்படி அழியும்?

‘மிலிட்டரி’ என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. கறுப்பு டயலும் 24 மணி எண்களும் இருந்தாலே மிலிட்டரி என்று எழுதிவிடுகிறார்கள்.

இந்தச் சந்தையில் ஒவ்வொரு வார்த்தையும் விலையைத் தூக்குகிற வார்த்தை. பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஸ்டீல் வாட்ச் என்று எழுதுகிறார்கள், அதற்கு அர்த்தம் மூடி மட்டும்தான் ஸ்டீல், கேஸ் வேறு உலோகத்தில் குரோம் பூசியது. ‘20 மைக்ரான்’ என்றால் தங்க முலாமின் கனம், அதைத் தங்க வாட்ச் என்கிறார்கள். ஜப்பான் வாட்சான சீகோ 5 என்று வருவதில் பாதிக்கு டயல் ஒரு மாடல், கேஸ் ஒரு மாடல், மெஷின் இன்னொன்று. சீகோவில் பின்மூடி எண்ணின் முதல் நான்கு இலக்கம் மெஷின் நம்பர், டயலின் கீழ் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டாலே பல குட்டு உடைந்துவிடும். இப்படி ஒப்பேற்றி அனுப்புகிற சரக்குக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் ஊரிலிருந்து நேர்மையாக விற்கிறவரையும் அந்தப் பெயர் சேர்த்து அடிக்கிறது, எனக்கு அது உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

பணத்தைவிட எனக்கு ஆறாத விஷயம் வேறு. இந்த டயலின் அடியில் ஒரு காலத்தில் எச்.எம்.டி அச்சடித்த உண்மையான டயல் இருந்திருக்கிறது. கொஞ்சம் கறை பட்டிருக்கும், ஓரத்தில் மங்கியிருக்கும், அவ்வளவுதான். பளபளவென்று இருந்தால்தான் ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ என்று சொல்லி இரண்டு மடங்குக்கு விற்க முடியும் என்பதால் அதைச் சுரண்டிப் போட்டுவிட்டார்கள். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற ஸ்விஸ் வாட்சுகள் என்று நம் ஊர்க் கைகளில் ஐம்பது அறுபது வருடம் இருந்த வாட்சுகளுக்கெல்லாம் இதே கதிதான். மெஷினுக்கு ஸ்பேர் கிடைக்கும், கண்ணாடி கிடைக்கும், சுரண்டிய டயல் திரும்பி வராது. விளம்பரத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்ற நிலை இருந்தால் சுரண்டுவதில் லாபமே இருக்காது, கறை படிந்த டயல்கள் தப்பித்திருக்கும்.

ரீடயல் விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ‘டயல் புதிது, கேஸ் பாலிஷ் செய்தது, மெஷின் ஒரிஜினல்’ என்று மூன்றே வரியில் எழுதி, பாதி விலைக்குக் கொடுக்கிற சிலர் இருக்கிறார்கள், தினமும் கட்டிக்கொண்டு போக ஒரு சாவி வாட்ச் வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இதே வாட்சை அப்படி விற்றிருந்தால் நான் 4 கொடுத்திருப்பேன்.

திருப்பி அனுப்பப்போகிறேன் என்றதும் விற்பனையாளர் போன் செய்து, “பழைய வாட்ச்னா அப்படித்தான் சார் இருக்கும், 500 ரூபா குறைச்சுக்கறேன், ரிவ்யூ மட்டும் போடாதீங்க” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகள்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. டயலின் குளோஸப் படங்களையும் அவர்கள் எழுத்தில் கொடுத்த பதிலையும் சேர்த்துத் தளத்தில் புகார் போட்டேன், பணம் முழுசாக வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போயிருப்பேன்.

வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் கண்ணாடி இல்லாமல் எடுத்த டயல் படம், மூடி திறந்த மெஷின் படம், பின்மூடி எழுத்துத் தெரிகிற படம் இவற்றைக் கேளுங்கள். வெளிச்சம் பட்டுக் கண்ணைப் பறிக்கிற, தூரத்தில் வைத்து எடுத்த படமே திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். சர்வீஸ் செய்தேன் என்பவரிடம் டைம்கிராஃபர் (வாட்ச் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்று அளக்கிற கருவி) ரீடிங்கைக் கேளுங்கள், உண்மையாகச் செய்தவர் ஒரு நிமிடத்தில் படம் எடுத்து அனுப்பிவிடுவார்.

பேக்கிங் நன்றாக இருந்தது, டெலிவரி சொன்ன நாளுக்கு வந்தது. 2 ஸ்டாரில் ஒன்று அந்த 0231 மெஷினுக்கு, இன்னொன்று ரீஃபண்ட் தாமதமில்லாமல் வந்ததற்கு.