வாலாஜா பள்ளிவாசல்: ஜும்ஆவுக்குப் போகலாமா, நோன்பு மாலையிலா?

வாலாஜா பள்ளிவாசல் எனப்படும் திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவின் சிறப்பு அப்படி. தொழுகைக்கு முந்தைய உரையான குத்பாவுக்கு முன்பே போய்விட்டால் உள்ளே இடம் கிடைக்கும். தாமதித்தால் வெயிலில் முற்றத்தில்தான். தொழுகை முடிந்ததும் கூட்டம் மொத்தமாக வெளியேறும். கட்டடத்தை நின்று பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால் ரமலான் மாலையே மேல். பிற்பகல் தொழுகையான அஸருக்குப் போய்விடுங்கள். ஒளு செய்து (கை, முகம், கால் கழுவி) தொழுதபின், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகை வரை நேரம் இருக்கும். 1795-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் கட்டிய பள்ளி இது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பியது என்பார்கள். கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீக வரியை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர். கல்லில் பொறித்திருக்கிறார்கள், அவசியம் பாருங்கள்.

அப்புறம் இஃப்தார், அதாவது நோன்பு திறத்தல். மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக இங்கே நோன்பாளிகளுக்குச் சைவ உணவு பரிமாறுகிறார்கள். தலையில் தொப்பி அணிந்து, வரிசை வரிசையாகத் தட்டுகளை வைத்துக்கொண்டே போவார்கள். தொழுகை அழைப்பான பாங்கு ஒலித்ததும் அத்தனை கைகளும் பேரீச்சம்பழத்துக்கு நீளும். இதை வெள்ளி மதியத்தில் எங்கே காண்பது?

முஸ்லிம் அல்லாத நண்பரை அழைத்துச் செல்வதாக இருந்தால் முன்கூட்டியே பள்ளி நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உடை கணுக்கால் வரை இருக்கட்டும். ரமலானுக்கு இன்னும் பல மாதம் இருக்கிறதா? சரி, சாதாரண நாள் அஸருக்குப் போங்கள்.