முகத்துக்குச் சிவப்பு வெளிச்சம்: பதினாலு மாதக் கணக்கு

என் நிறம் மாநிறம். அதனால் முகம் சிவந்திருக்கிறது என்று நான் சொன்னால் வீட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வெள்ளைத் தோல்காரர்களுக்குத் தக்காளிப் பழமாய்த் தெரிவது, நமக்கு ஒரு மாதிரி செம்புக் கலரில், வெயிலில் அலைந்துவிட்டு வந்த முகம் போலத்தான் தெரியும். எரிச்சல் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். தண்ணீர் பட்டால் சுள்ளென்றிருக்கும். அடுப்பருகே நின்றால் திகுதிகுவென்று ஏறும். ஒரு நாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழைந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "மிஸ், அழுதீங்களா?" என்று கேட்டது. திருச்சி வெயிலில் இருபது நிமிடம் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

இதற்காகத்தான், உள்பக்கம் குட்டிக் குட்டி எல்.இ.டி. விளக்குகள் பதித்த இந்தச் சிவப்பு வெளிச்ச முகமூடியைப் பதினாலு மாதமாக வைத்திருக்கிறேன். வாங்கலாமா என்று பள்ளியிலும் சொந்தத்திலும் ஏழெட்டுப் பேர் கேட்டாயிற்று. ஆளுக்குப் பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

கதை ஒரு டியூபில் தொடங்குகிறது. கன்னத்தில் மங்கு வந்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கினேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு, மூன்றும் கலந்தது. சில வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. என்ன போடுகிறாய் என்று எல்லோரும் விசாரிக்க, எனக்கும் பெருமை தாங்கவில்லை. எட்டு மாதம் விடாமல் போட்டேன். நிறுத்திய நாலாம் நாள் முகம் பற்றிக்கொண்டது.

தோல் டாக்டர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே "என்ன க்ரீம் போட்டீங்க?" என்பதுதான். ஸ்டீராய்டை நெடுநாள் முகத்தில் தடவினால் தோல் மெலிந்துபோகும், அடியிலிருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்ளும், அதுவரை அமுக்கி வைத்திருந்த அழற்சி நிறுத்தியதும் மொத்தமாகக் கிளம்பும் என்று விளக்கினார். முகம் அடிக்கடி சிவந்து எரியும் ரோசேசியா என்ற தோல் நோய் எனக்கு ஏற்கெனவே லேசாக இருந்திருக்கலாம், களிம்பு அதைக் கிளறிவிட்டது என்றும் சொன்னார். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஆணை போட்டிருக்கிறது. கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பெரிய டியூபா, சின்னதா?"

டாக்சிசைக்ளின் மாத்திரை, 15 சதவீத அசெலாயிக் அமில ஜெல், வாசனை போடாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இதுதான் வைத்தியம். நடுவில் வெளிச்ச சிகிச்சை பற்றிப் படித்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன். "மாத்திரை முடியட்டும்மா. அது வெயில் பட்டாலே தோலைச் சிவக்க வைக்கிற ரகம். அப்புறம் வேணும்னா பாருங்க. ஆனா மருந்தை நிறுத்திட்டு வேண்டாம், மருந்தோட சேர்த்து" என்றார். எனக்கு அது போதுமான அனுமதியாகப் பட்டது.

முதலில் வாங்கியது வீண். ஏழு நிறம் காட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் முகமூடி, ரெண்டாயிரத்துக்கும் குறைவு. எந்த நிற வெளிச்சத்தின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர் என்று பெட்டியிலும் இல்லை, உள்ளே இருந்த காகிதத்திலும் இல்லை. பத்து நிமிடத்தில் நெற்றிப் பக்கம் வெதுவெதுப்பாகிவிடும். என்னைப் போன்ற முகத்துக்குச் சூடுதான் முதல் எதிரி. காசு கொடுத்துச் சூட்டை வாங்கி மாட்டிக்கொண்ட கதையாகிவிட்டது. போதாததற்கு அதில் நீல வெளிச்சமும் இருந்தது. 415 நானோமீட்டர் பக்கத்து நீலம் முகப்பருக் கிருமியை அடக்கும், சரி. ஆனால் நம் போன்ற நிறக்காரர்களுக்கு அதே நீலம் கருமையையும் கூட்டும். ஏற்கெனவே மங்கு உள்ள முகத்தில் அதைப் போட்டு விஷப்பரீட்சை செய்ய நான் தயாராக இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது, இப்போது இருப்பது: வளைகிற சிலிக்கோன் முகமூடி, சின்னக் கைக்கடக்கமான பேட்டரி, பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இதில் இரண்டே வகை எல்.இ.டி. ஒன்று 633 நானோமீட்டர் சிவப்பு, மற்றது 830 நானோமீட்டர் அகச்சிவப்பு. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால், அந்த விளக்குகள் எரிகிறதா என்றே முதலில் சந்தேகம். டிவி ரிமோட்டைச் சோதிக்கிற மாதிரி போன் கேமராவின் செல்ஃபிப் பக்கத்தை அதன் முன் காட்டினேன். வெளிர் ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. வாங்கிய அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு தாண்டிய பிறகு செய்து பயனில்லை.

இந்த வெளிச்சத்தில் புற ஊதா கிடையாது. சூடாக்கி வேலை செய்வதும் இல்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பையும் அகச்சிவப்பையும் உள்வாங்கிக்கொள்கிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி தூண்டப்பட்டு அழற்சி தணிகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தத் துறையின் ஆரம்பமே ஒரு வேடிக்கை. 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி சிரைத்த எலிகள் மீது குறைந்த சக்தி ரூபி லேசரைக் காட்டினார். வெளிச்சம் பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது! இதைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, கண்ணாடி முன் போய் மேலுதட்டுப் பூனைமுடியைப் பார்த்ததுதான். பதினாலு மாதமும் கண்காணித்துவிட்டேன், என் கண்ணுக்கு எதுவும் கூடவில்லை.

அளவுக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு இது பிடித்த இடம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் முகமூடி சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் என்று அதன் கையேடு சொல்கிறது. பத்து நிமிடம் என்றால் 600 வினாடி; 30-ஐ 600-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 18 ஜூல் வெளிச்ச ஆற்றல். கம்பெனி சொல்வது அந்தப் பத்து நிமிடம். நான் மூன்று நிமிடத்தில் ஆரம்பித்தேன், அதாவது 5.4 ஜூல், வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு மாதம் கழித்துத்தான் ஆறு நிமிடம் போனேன். இன்றுவரை அதைத் தாண்டவில்லை, ஒரு தடவையைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரவு எட்டரைக்கு, சமையல் முடிந்து, முகம் கழுவி ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு, ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவேன். முகத்தில் ஜெல், எண்ணெய், மஞ்சள் எதுவும் கூடாது. மருந்தெல்லாம் வெளிச்சத்துக்குப் பிறகுதான். முதல் வாரம் கண்ணுக்குள் சிவப்பு அடித்து ஒற்றைத் தலைவலி வந்தது. கூடவே வந்த கண் மறைப்பை முதலில் அலட்சியமாக எடுத்துப் போட்டிருந்தேன். பிறகு தேடி எடுத்து மாட்டினேன், தலைவலி போயிற்று. கண் விஷயத்தில் விளையாட வேண்டாம். 2019-ல் ஒரு பெரிய நிறுவனம், சில வகைக் கண் கோளாறு உள்ளவர்களுக்கும் வெளிச்சத்துக்குக் கண்ணைக் கூச வைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து வரலாம் என்று தன் முகமூடியைச் சந்தையிலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டது.

மாமியார்தான் பாவம். கரண்ட் போன ஒரு ராத்திரி ஹாலுக்கு வந்தவர், இருட்டில் சிவப்பாக எரியும் முகத்தைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இப்படி உக்காந்திருந்தா நான் மாரடைச்சுப் போயிட மாட்டேனா?" அதிலிருந்து முகமூடி படுக்கையறைக்குள் மட்டும்.

முதல் ஐந்து வாரம் ஒன்றுமே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஏழாவது வாரம் வாக்கில் ஒரு காலை முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுக்கும்போது, எரியவில்லையே என்று தோன்றியது. கண்ணாடியில் வித்தியாசம் தெரிவதற்கு முன்பே தொட்டால் தெரிந்தது. போட்டோவில் தெரிய மூன்று மாதம் பிடித்தது. போட்டோ எடுப்பதிலும் ஒரு சங்கதி உண்டு: என் போன் கேட்காமலேயே முகத்தை மெழுகிவிடும். அந்த அழகு வடிப்பானை அணைக்காமல் எடுத்த முதல் மாதப் படங்கள் அத்தனையும் குப்பை. அதற்குப் பிறகு அதே ஜன்னல், காலை ஏழு மணி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் என்று வைத்துக்கொண்டேன். கன்னத்துச் செம்பு நிறம் பாதிக்குக் கொஞ்சம் மேல் குறைந்திருக்கிறது, இது என் கண் கணக்கு. மூக்கோரம் நூல் நூலாகத் தெரியும் ரத்தக் குழாய்கள் இம்மியும் அசையவில்லை. அவற்றை மூடும் சக்தி இந்த வெளிச்சத்துக்குக் கிடையாது. அதற்கு மருத்துவமனை லேசர் வேண்டும். அதிலும் நம் நிறத்துக்குச் சூடுபட்டுக் கருக்கும் அபாயம் உண்டு என்பதால் நான் போகவில்லை.

இனி அந்த ஒரு தடவை. நாத்தனார் மகள் சடங்குக்குப் பத்து நாள் இருந்தது. முகம் இன்னும் தெளிந்தால் தேவலை என்ற பேராசையில், காலையும் இரவும் இருபது இருபது நிமிடம். பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் முகமூடியை மறுபடி மறுபடி தட்டி எழுப்பினேன். நாளொன்றுக்கு 72 ஜூல்! பழகியிருந்தது 10.8. நாலாம் நாள் சாயங்காலம் முகம் காய்ச்சல் அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது, பழைய டியூப் காலம் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோனேன். கன்னத்து மங்கும் ஒரு சாயல் கூடிவிட்டது. குறைந்த அளவில் உதவும் வெளிச்சம் அளவு மிஞ்சினால் பலனை இழக்கும், சில நேரம் எதிராகவும் திரும்பும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வதுதான். நானும் படித்திருந்தேன், படித்துவிட்டுத்தான் செய்தேன். எரிச்சல் அடங்க மூன்று வாரம். மங்கு பழைய நிலைக்கு வர நாலு மாதம். சடங்கு போட்டோ எல்லாவற்றிலும் நான் பின்வரிசை.

கத்திரி வெயில் நாட்களில் முகமூடியைத் தொடுவதில்லை. சிலிக்கோனுக்கடியில் வேர்த்து, தாடைப் பக்கம் வேர்க்குரு வந்துவிட்டது. ஏ.சி. உள்ளவர்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்காது.

நியாயமாக ஒரு கேள்வி வரும்: இது வெளிச்சத்தால் வந்த குணமா, ஜெல்லாலா, காபியை ஆறவைத்துக் குடிப்பதாலா, புகைபோக்கி விசிறி மாட்டியதாலா, அயர்ன் ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீனுக்கு மாறியதாலா? எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. ஒன்பதாம் மாதம், மற்றதெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு வெளிச்சத்தை மட்டும் ஆறு வாரம் நிறுத்திப் பார்த்தேன். சிவப்பு திரும்பவில்லை. ஆனால் ஐந்தாவது வாரம், முகம் கழுவும்போது அந்தச் சுள் லேசாக எட்டிப் பார்த்தது. மறுபடி ஆரம்பித்து மூன்று வாரத்தில் போய்விட்டது. ஒரே ஒரு முகத்தில் செய்த சோதனை, அதற்குரிய மதிப்புதான் அதற்கு. என் கணிப்பு இது: சிவப்பைக் குறைத்ததில் பெரிய பங்கு டியூபை நிறுத்தியதற்கும் ஜெல்லுக்கும் வெயிலை விலக்கியதற்கும். எரிச்சலைத் தணித்ததில் வெளிச்சத்துக்கு ஒரு பங்கு உண்டு. பதினைந்தாயிரத்துக்கு அது தகுமா என்றால், ஒவ்வொரு முறை முகம் கழுவவும் பயந்தவளுக்குத் தகும். வெறும் பளபளப்புக்காக என்றால் தகாது.

பேட்டரி இப்போது முன்பு போல நிற்பதில்லை. ஒரு சார்ஜுக்கு ஏழெட்டு முறை வந்தது நாலைந்தாகிவிட்டது. பேட்டரி மட்டும் தனியாக விற்கிறார்களா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லூபஸ் போல வெளிச்சம் ஆகாத நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணி, எனக்கும் கன்னம் எரியுது. நானும் இதுல ஒண்ணு வாங்கட்டுமா?" என்றாள். வாங்குவது இருக்கட்டும், முகத்துக்கு இப்போது என்ன போடுகிறாய் என்று கேட்டேன். கைப்பையைத் துழாவி எடுத்துக் காட்டினாள். அதே டியூப். பெரிய சைஸ்.