வரன் தேட ஐந்து வழி: ‘வேண்டாம்’ என்று சொல்ல எதில் என்ன செலவு?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பையனோ பெண்ணோ கல்யாண வயதுக்கு வந்தால் துணை தேட இன்று ஐந்து வழி இருக்கிறது: சொந்தம், தரகர், மேட்ரிமோனி தளம், டேட்டிங் ஆப், தானாக வந்த பழக்கம். பேச்செடுத்தால் எல்லோரும் ‘லவ்வா, அரேஞ்சா’ என்று இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். அந்த வெட்டு அலசலுக்கு உதவாது. ஆப்பில் பழகிவிட்டு ஜாதகமும் பார்க்கிற ஜோடி உண்டு. நிச்சயம் ஆனபிறகு ராத்திரி ராத்திரியாக போனில் காதலிக்கிற ஜோடியும் உண்டு. வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். பிடிக்கவில்லை என்பது எந்தக் கட்டத்தில் தெரியவரும்? தெரிந்தபின் அதை வாய்விட்டுச் சொல்ல யார், என்ன விலை கொடுக்க வேண்டும்?

சொந்தம்

தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் கால் பங்குக்கு மேல் சொந்தத்துக்குள்தான் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. குடும்பம் எப்படிப்பட்டது என்று விசாரிக்க வேண்டிய வேலை இங்கே இல்லை. பையன் குடிப்பானா என்று யாரையும் கேட்க வேண்டாம்; தீபாவளிக்குத் தீபாவளி பார்த்ததுதான்.

ஆனால் ‘வேண்டாம்’ என்பதன் விலை ஐந்து வழிகளிலும் இங்கேதான் அதிகம். அத்தை மகனை மறுத்தால் அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்றுவிடும், அடுத்த காதுகுத்துக்குச் சீர் வராது. அதனாலேயே பலர் மறுப்பதில்லை.

ஈர்ப்பு என்ற கோணத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்களுக்குள் பாலியல் ஈர்ப்பு மங்கும் என்று எட்வர்ட் வெஸ்டர்மார்க் என்ற ஃபின்லாந்து ஆய்வாளர் 1891இல் எழுதினார். தைவானில் பெண் குழந்தையை மருமகளாக்கவே தத்தெடுத்து, மகனோடு சேர்த்து வளர்த்துக் கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. ஆர்தர் வுல்ஃப் என்ற மானிடவியலாளர் அந்தத் தம்பதிகளை ஆராய்ந்தபோது, மற்றவர்களைவிடக் குழந்தைகள் குறைவு, பிரிவு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே மாமன் மகள் என்றாலே ஒரே கணக்கு இல்லை. கோடை விடுமுறையில் மட்டும் பார்த்த மாமன் மகள் வேறு; அம்மா இறந்துபோய் நம் வீட்டிலேயே பால் குடித்து வளர்ந்தவள் வேறு. “அவனை அண்ணனாத்தான் பார்த்தேன்” என்று ஒரு பெண் சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளக் கூடாது.

மருத்துவக் கணக்கும் உண்டு. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை வரலாம் என்றால், அத்தை மகன், மாமன் மகள் உறவில் கட்டியவர்களுக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பு. தாய்மாமன் – அக்கா மகள் என்றால் மரபணுப் பங்கு இன்னும் நெருக்கம். ஒரே வம்சத்தில் காது கேளாமை, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு), சின்ன வயது மரணம் ஏதாவது இரண்டு முறை வந்திருந்தால் நிச்சயத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெற வேண்டும். தலசீமியா சுமப்பவரா என்பதை ஹெச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையை அளக்கும் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

தரகர்

மஞ்சள் பையில் ஜாதகக் கட்டோடு வந்தவர் இப்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். முறை மட்டும் மாறவில்லை: கல்யாணம் முடிந்தால்தான் அவருக்கு முழுத் தரகு. குறையை மறைப்பதில் அவருக்கு லாபம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

டெல்டாவில் அடிக்கடி ஏமாறுவது இரண்டு இடத்தில். முதலாவது நிலம். “ரெண்டு வேலி இருக்கு” என்பார். ஒரு வேலிக்கு இருபது மா, மூன்று மா ஒரு ஏக்கர்; ஆக ஏறத்தாழ பதின்மூன்று ஏக்கர். பட்டாவைக் கேளுங்கள். கூட்டுப் பட்டாவில் நான்கு அண்ணன் தம்பி பெயர் இருந்தால் வருவது அரை வேலி; அத்தைகளும் பங்கு கேட்டால் அதுவும் குறையும். பாதி நிலம் கோயில் குத்தகையாகவும் இருக்கும்.

இரண்டாவது சிங்கப்பூர். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கம் ‘சிங்கப்பூர் மாப்ள’ என்றால் தனி மதிப்பு. எந்தப் பாஸ், அதாவது எந்த வேலை அனுமதி, என்று கேட்பவர்கள் குறைவு. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியை அழைத்துக்கொண்டு போக முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் உள்ளவர்கூட மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் இருந்தால்தான் மனைவிக்கு டிபென்டன்ட் பாஸ் கேட்கலாம். ‘ஆறு மாசத்துல கூட்டிட்டுப் போயிடுவார்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி, மாமியார் வீட்டில் வருஷக்கணக்கில் போனோடு குடும்பம் நடத்தும் பெண்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. பாஸின் பெயரும் சம்பளச் சீட்டும் நிச்சயத்துக்கு முன் கைக்கு வர வேண்டும்.

குறைகள் இருந்தாலும், ‘வேண்டாம்’ சொல்வதற்கு இந்த வழி அருமையான ஏற்பாடுகளை வைத்திருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி, பஜ்ஜி, காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். இலை போட்டாலும் உட்கார மாட்டார்கள். “முடிவாகட்டும், அப்புறம் வந்து கை நனைக்கிறோம்” என்பார்கள். கை நனைத்துவிட்டால் பாதிச் சம்மதம் என்று அர்த்தம். பிறகு வீட்டுக்குப் போய், “ஜாதகம் ஒத்து வரல, ரஜ்ஜு தட்டுது” என்று தரகரிடம் ஒரு வரி. உண்மையில் பொருத்தம் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு நிறம் பற்றாது, பையனுக்கு முன்மண்டை ஏறிவிட்டது என்ற பேச்சு இல்லாமல், பழி கிரகத்தின் தலையில் போய்விடுகிறது. ஜோதிடத்தை நம்பாதவர்களுக்கும் இந்தப் பயன் இருக்கிறது!

மலிவாக மறுக்கலாம் என்பதெல்லாம் நிச்சயதார்த்தம் வரைதான். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் மறுப்பவருக்குப் பெயர் கெடும். பெண்வீடு என்றால் இரண்டு மடங்கு கெடும்.

மேட்ரிமோனி தளம்

தரகரின் கட்டுக்குப் பதிலாக வடிகட்டி. சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், உயரம், சம்பளம் என்று கட்டங்களை டிக் அடிக்கலாம். பெரும்பாலும் டிக் அடிப்பது அப்பாவோ அக்காவோ. இங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. 2008இல் ஈஸ்ட்விக், ஃபிங்கல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம், துணையிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று முதலில் எழுதி வாங்கினார்கள். பிறகு ஆளுக்கு நாலு நிமிஷம் நேரில் சந்திக்க வைத்தார்கள். எழுதியதற்கும் நேரில் பிடித்தவருக்கும் தொடர்பே அநேகமாக இல்லை. காகிதத்தில் கேட்ட ஆள் வேறு, மனம் போன ஆள் வேறு. தான் டிக் அடித்ததற்கே இந்தக் கதி என்றால், பெரியப்பா அடித்த டிக்குக்கு என்ன மதிப்பு?

ஆகவே வடிகட்டியைத் தளர்வாக வையுங்கள்: வயது, ஊர், படிப்பு, மதுப் பழக்கம் போதும். சம்பள வரம்பையும் உயரத்தையும் இறுக்கினால் விவசாயம் பார்க்கிற நல்ல பையன்கள் எல்லாம் முதல் வடிகட்டலிலேயே போய்விடுவார்கள். டெல்டாவில் சொந்த நிலம் உழும் பையனுக்குப் பெண் கிடைக்காமல் இருப்பதில் இந்தக் கட்டத்துக்கும் பங்குண்டு.

மூன்று மாதப் பிரீமியம் கட்டுபவர்கள் மாதத்தைப் பார்த்துக் கட்டுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பல வீடுகள் பேச்சே எடுக்காது. கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசியில்தான் இங்கே முகூர்த்தம் குவியும். அதற்கு ஐப்பசி, கார்த்திகைக்குள் முடிவாக வேண்டும். எனவே ஆவணியில் கட்டுவது கணக்குக்கு ஒத்து வரும்.

ஸ்டுடியோ படத்தை நம்பி யாரும் நேரில் போக வேண்டாம். பத்து நிமிஷ வீடியோ அழைப்பு, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல். அதற்கு அடுத்த ஞாயிறு நேரில். தஞ்சைப் பெரிய கோயில் புல்வெளியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூம்புகார்க் கடற்கரையும் மனோராவும் மதிய வேளையில் அப்படி இல்லை.

இங்கே ‘வேண்டாம்’ சொல்ல ஒரு பொத்தான். செலவு கிடையாது. ஆனால் செலவில்லாத மறுப்பு இரண்டு பக்கமும் குவியும்போது முப்பது தடவை நிராகரிக்கப்பட்ட பிள்ளை உள்ளுக்குள் நொந்து போவதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

டேட்டிங் ஆப்

சென்னையில் செய்கிற வேலையை இது டெல்டாவில் செய்யாது. காரணம் எளிது: தூரம். தஞ்சாவூரில் இருந்துகொண்டு சுற்றளவைப் பத்து கிலோமீட்டர் வைத்தால் வருகிற முகங்களில் பாதி தெரிந்த முகம். ஐம்பது, அறுபது வைத்தால் திருச்சியும் கும்பகோணமும் சேரும், ஆனால் ஒரு காபிக்குப் போக வர மூன்று மணி நேரம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திடீரென்று புதுமுகங்கள் தெரியும். போனின் இருப்பிடத்தை வைத்துத்தானே கணக்கு. லீவு முடிந்ததும் அவர்கள் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுவார்கள்.

இரண்டாவது சிக்கல் ஸ்கிரீன்ஷாட். பெண்ணின் படம் எடுபட்டு ஊர் குரூப்புக்கு வந்தால், மறுநாள் காலை அது மளிகைக்கடை வரை பேச்சு. டிண்டரில் போனில் உள்ள எண்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். வீட்டு வாசல், கல்லூரி அடையாள அட்டை, வண்டி எண் தெரியும் படம் வேண்டாம். பழகி இரண்டே நாளில் வீடியோவில் உடை களையச் சொல்லும் ஆள் பணம் பறிக்கிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் பணம் அனுப்பாமல், உரையாடலை அழிக்காமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஒரு தடவை கட்டினால் மறுதடவை கேட்பான்.

ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாண வாக்குக் கொடுத்து உறவு கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 69இன்படி பத்து ஆண்டு வரை சிறை. பழகிப் பார்க்கத்தான் வந்தேன் என்றால் அதை முதல் வாரமே எழுத்தில் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கு மற்ற நான்கு வழிகளில் பெரும்பாலும் இடமே இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் குற்றம் இல்லை என்றது. 2023இல் திருமண உரிமையை வழங்க மறுத்துவிட்டது. கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் கட்டிவைப்பது இரண்டு பேரின் வாழ்க்கையைக் கெடுக்கும். அவ்வளவுதான் அதில் சொல்ல இருக்கிறது.

தானாக வந்த பழக்கம்

கல்லூரி பஸ், நகைக்கடை வேலை, வங்கிக் கிளை, மருத்துவமனை நைட் டூட்டி. ஐந்தில் ஈர்ப்பு விஷயத்தில் நம்பத்தக்க தகவல் கிடைப்பது இதில்தான். ஈஸ்ட்விக்கும் ஹன்ட்டும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், செமஸ்டர் தொடக்கத்தில் வகுப்பில் யார் கவர்ச்சி என்பதில் மாணவர்கள் ஓரளவு ஒத்துப்போனார்கள். செமஸ்டர் முடியும்போது அந்த ஒற்றுமை குறைந்து, ஆளுக்கொரு விருப்பம் ஆகிவிட்டது. முதல் பார்வையில் சுமாராகத் தெரிந்தவர் யாரோ ஒருவருக்குத் தனியாகப் பிடித்துப்போக இந்த அவகாசம் வேண்டும். அரை மணி நேரப் பெண் பார்த்தலில் அது நடக்காது.

இதில் விலை வேறு பக்கமிருந்து வரும்: வீட்டார் சொல்லும் ‘வேண்டாம்’. சாதி மாறினால் அந்த மறுப்பு உயிர்வரை போகும் என்பதால் சட்ட வழியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டத்தில் (ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்) முப்பது நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். தெரியக் கூடாதவர்களுக்கு அதுவே தெரியப்படுத்திவிடும். இருவரும் இந்துக்கள் என்றால் 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு எளிது. புரோகிதர் வேண்டாம், சாட்சிகள் முன் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ செல்லும். ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்த சான்று கையில் இருக்கட்டும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். மதம் வேறு என்றால் தனித் திருமணச் சட்டம்தான். அந்த முப்பது நாள் எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மிரட்டல் வந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், வாய்ச்சொல் நிற்காது.

எதை எடுப்பது?

தானாக வந்த பழக்கம் இருந்தால் அதுவே முதல். இல்லையென்றால் மேட்ரிமோனி, ஆனால் கணக்கும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். தரகரை விசாரிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஊர்ச் செய்தி அவருக்குத் தெரிந்த அளவு எந்தத் தளத்துக்கும் தெரியாது.

எந்த வழியானாலும் நிச்சயத்துக்கும் தாலிக்கும் நடுவே மூன்று மாதமாவது விடுங்கள். தாலி ஏறியபின் மறுப்பதற்கு விலை மிக அதிகம்: இந்துத் திருமணச் சட்டப்படி முதல் ஓராண்டு விவாகரத்து மனுவே பொதுவாகப் போட முடியாது, இருவரும் சம்மதித்தாலும் ஓராண்டு பிரிந்திருந்து, அதன்பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம். இந்த மூன்று மாத போன் பேச்சில் சாப்பிட்டாயா, தூங்கினாயா தாண்டி நாலு விஷயம் பேசியாக வேண்டும்: குழந்தை எப்போது, சம்பளம் யார் கையில், பெற்றோருக்கு மாதம் எவ்வளவு, உடலுறவில் பயமோ வலியோ பழைய நோயோ உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சம் என்றால் இருவரும் சேர்ந்து ஒரு மருத்துவரைப் பார்த்துவிடலாம்.

வெளிநாட்டுப் பையன் முப்பது நாள் லீவில் வந்து, பார்த்தல், நிச்சயம், தாலி மூன்றையும் ஒரே வீச்சில் முடிக்கக் கேட்டால், பார்த்தலையும் நிச்சயத்தையும் இந்த லீவிலும் தாலியை அடுத்த லீவிலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்ணை உண்மையிலேயே பிடித்திருந்தால் ஒத்துக்கொள்வான்.